வழியில்லா வலயங்கள்

திருகோணமலையைப் பற்றி எழுதப்புகும் எவரும் அதன் துறைமுகத்தின் ஆழத்தையும் அமைப்பையும் புகழ்ந்துவிட்டே மேற்செல்வர். இது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை அனைவரும் ஆசைப்பட்ட துறை, 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறை, 1957 ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை கையளித்துச் சென்ற தளம் என்றவாறு அப்புகழுரை நீளும். அதனுள் ஒரு விடயம் மட்டும் இடம்பெறுவதில்லை. அத்துறைமுகத்தைச் சூழ வாழும் மக்கள் தம் வீட்டு வாசலிலிருந்து பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வயலுக்கும் எவ்வழியாகப் போய்வருகின்றனர் என்பதே அது. கப்பல் உள்ளே வரும் வாய்க்காலின் ஆழத்தை நூல்களிலே காணலாம். வெள்ளைமணலிலிருந்தோ குறிஞ்சாக்கேணியிலிருந்தோ ஒரு மாணவி வெளியே வரும் ஒழுங்கையின் அகலத்தை எந்நூலிலும் காணமுடியாது.

இக்குறை எழுத்தாளரின் மறதி மாத்திரமன்று. நிலத்தை வலயங்களாக வகுக்கும் அதிகாரத்தின் குறையும் இதுவே. கடந்த அரை நூற்றாண்டில் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மக்கள் வாழ்ந்த நிலம் எத்தனையோ தடவை பெயர் மாற்றப்பட்டது: துறைமுக நிலம், உயர் பாதுகாப்பு வலயம், கைத்தொழில் வலயம், கரையோரத் தடை எல்லை, மின்னுற்பத்திப் பிரதேசம். பெயர் மாற்றியவர்களுள் எவரேனும், இந்நிலத்திலே வாழ்வோரின் போக்குவரவுக்கு வழி எது, அது பாதுகாப்பானதா என்று முதலிற் கேட்டனரா? கேட்கவில்லை என்பதும், அவ்வாறு கேளாமை உயிர்களைக் காவுகொண்டுள்ளது என்பதும், இனிமேலும் அதனை அனுமதித்தல் ஆகாது என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

சட்டத்தின் நிலையை முதலில் நோக்குவோம். நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவதற்கு 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் உண்டு. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலே துறைமுக அதிகாரசபை உருவாயிற்று. முதலீட்டுச் சபைக்குத் தனியதிகாரம் உண்டு. இவை போதாவென்று, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால விதிகளாலும் வலயங்கள் பிரகடனம் செய்யப்பட்டன. ஆக, ஒரே வரைபடத்துக்குப் பல கைகள் நிறந்தீட்டலாம். ஆனால் வீதியின் கதை வேறு. பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. அடுத்த தரத்தவை மாகாணத்துக்குரியவை. ஒழுங்கைகளும் மதகுகளும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ உரியவை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடைபெறவில்லை என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளல் வேண்டும். வலயம் வகுப்போர் வீதிக்குப் பொறுப்பில்லை. வீதிக்குப் பொறுப்பானோரை வலயம் வகுப்போர் கேட்பதில்லை.

இதிலுள்ள அநீதியை விளங்கிக்கொள்ளச் சட்டம் கற்றிருக்க வேண்டியதில்லை. உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஒருவர் தமக்குரிய நாற்பது பேர்ச் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க விரும்பினால், நில அளவையாளரைக் கொண்டு வரைபடந் தயாரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் விதித்த அகலத்தில் வழி விட்டுக் காட்டினாலன்றிச் சபை அனுமதி வழங்காது. இது நல்ல விதியே. தீயணைப்பு வண்டியும் நோயாளர் வண்டியும் போகாத துண்டில் வீடெழும்புதல் ஆகாது. ஆயின் நாற்பது பேர்ச்சுக்கு இத்துணைக் கண்டிப்புக் காட்டும் அதே அரசு, எண்ணூறு ஏக்கரைக் குடிநிலம் அல்லது வயல்நிலம் என்ற நிலையிலிருந்து வேறொன்றாக மாற்றும்போது, அயலிலே எஞ்சியிருக்கும் மக்களுக்கு வழி எங்கே என்று தன்னைத் தானே கேட்பதில்லை. தந்தை பிள்ளைகளுக்கு விடவேண்டிய வழியைத் தான் குடிமக்களுக்கு விடவேண்டியதில்லை என்று அரசு கருதுகிறது போலும்.

இனிச் சம்பூருக்கு வருவோம். 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கு மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடினர். அவ்வாண்டு செப்டெம்பரில் சம்பூர் அரச படையினர் வசமாயிற்று. மக்கள் மீள்வதற்கு முன்னரே, 2006 டிசெம்பரில், அங்கு 500 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம் அமைப்பதற்கான உடன்பாடு இந்தியத் தேசிய அனல்மின் கழகத்துடன் கைச்சாத்திடப்பட்டது. 2007 மே 30இல் வெளியான வர்த்தமானி அப்பிரதேசத்தை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. அதிகாரம் பெற்ற அலுவலரின் அனுமதியின்றி உள்ளே எவரும் செல்லலாகாது. அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்திற் செய்யப்பட்ட மனுக்களும் அவ்வாண்டே தள்ளுபடியாயின. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் கொட்டில்களில் இருந்த மக்கள், பாதுகாப்பு வலயம் சுருக்கப்பட்டபோது வீடு திரும்பலாம் என நம்பினர். 2012இல் 818 ஏக்கர் பாரக் கைத்தொழில்களுக்கான விசேட வலயமாக மீண்டும் வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டது. அது 2015 மே மாதத்தில் இரத்துச் செய்யப்பட்டு, வழக்குகள் தீர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்ற்றிலேயே மக்கள் உட்செல்ல முடிந்தது. கடற்படை முகாமிருந்த 237 ஏக்கர் 2016இல் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அவ்வாண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்திலே அரசு அறிவித்தது. இன்று அவ்விடத்துக்குச் சூரிய மின்னிலையம் வந்துள்ளது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரின் கொழும்பு விஜயத்தின்போது அதற்கான தொடக்க விழா நடந்தது.

இச்சரிதம் பலரும் அறிந்ததே. அறியப்படாத பகுதி ஒன்றுண்டு. ஒரு கிராமத்தைச் சுற்றி ஒன்பது ஆண்டுகள் வேலியிட்டால் அழிவன வீடுகள் மாத்திரமல்ல. ஊரிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கடற்கரை வாடிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கால்கள் இட்ட தடங்களும் அழிகின்றன. அவை எந்த நில அளவைப் படத்திலும் முழுமையாக இருந்தவையல்ல. நொத்தாரிசின் உறுதியில் ‘வழி வாய்க்கால் உரிமையும்’ என்று ஒரு சொற்றொடராக இருந்தவை. காட்டை வெட்டி வீட்டு அத்திவாரத்தைக் கண்டெடுக்கலாம். எல்லைக்கல்லும் இல்லாமல், பழகிய முதியோரும் இறந்துவிட்ட பின்னர், வண்டிப்பாதையை எவ்வாறு கண்டெடுப்பது? காணி விடுவிப்பு என்று ஏக்கர்க் கணக்கைச் சொல்லி விழா நடத்திய எந்த அரசும், விடுவிக்கப்பட்ட வழிகளின் கணக்கை வெளியிட்டதில்லை.

ஆழிப்பேரலைக்குப் பிந்திய அனுபவமும் இதற்குக் குறைந்ததன்று. 2004 டிசெம்பர் 26இன் பின்னர் கரையோரத்திலே வீடு கட்டத் தடை எல்லை விதிக்கப்பட்டது: தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். உயிர்காப்பு நோக்கமெனில் அந்நோக்கத்தை எவரும் பழிக்கார். ஆயினும் மீனவரின் வீட்டுக்கு இருந்த தடை உல்லாச விடுதிகளுக்கு அதே கடுமையுடன் இருக்கவில்லை. அன்றியும், கடலிலிருந்து மக்களை விலக்குவது பாதுகாப்பின் ஒரு பாதியே; கடல் எழும்போது ஓடித் தப்புவதற்குக் கரைக்குக் குறுக்காக உள்நோக்கிச் செல்லும் அகன்ற வழி வேண்டும் என்பது மறுபாதி. திருகோணமலை நகரின் மையப்பகுதி ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் நெருக்கும் ஒடுங்கிய நிலம். கரையோரமாக நீளும் வீதிகளே அங்கு பெரியவை. உள்நோக்கியவை பெரும்பாலும் ஒழுங்கைகள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டுக் கரையோர மக்களை வெளியேறுமாறு அறிவித்தல் விடுத்தபோது அலை வரவில்லை, அது நற்பேறு. மீற்றர்க் கணக்கிலே கடலுக்குக் கோடு கிழித்தவர்கள், கிழிக்கவேண்டிய மறுகோட்டை, அதாவது தப்பும் வழியை, கிழிக்க மறந்தனர். இந்நகரின் வீதிகளிலே பகலில் உலாவும் புள்ளிமான்களுக்காவது மதிலைத் தாண்டத் தெரியும்.

வழியின்மை உயிரை எடுக்கும் என்பதற்குக் குறிஞ்சாக்கேணியே கசப்பான சான்று. கிழக்கு மாகாணத் தமிழிலே ‘பாதை’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. களப்பையும் ஆற்றையும் கடக்க, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் பாதை என்றே பெயர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கரையோர வீதியால் வந்த நமது பாட்டன்மார் ஒரு பாதையில் இறங்கி மறு பாதையில் ஏறியே வந்தனர். வீதி இல்லாத இடத்திலே மிதவையே வீதியாயிருந்தமையால் இரண்டுக்கும் ஒரு சொல்லே போதுமாயிருந்தது. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி நிதியுதவியுடன் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளிலே அவ்வீதியின் ஏனைய கடவைகளிலும் பாலங்கள் எழுந்தன. பெருந்தெருவில் பாதையின் காலம் முடிந்தது என்று அனைவரும் மகிழ்ந்தனர்.

பெருந்தெருவுக்கு முடிந்த காலம் கிராமத்துக்கு முடியவில்லை. கிண்ணியா நகரையும் குறிஞ்சாக்கேணியையும் இணைக்கும் பாலத்தைப் புதிதாக அமைக்கும் பணி 2021இல் ஆரம்பமாகியது. வேலை முடியும்வரை மக்கள் களப்பைக் கடக்க ஓர் இழுவை மிதவை விடப்பட்டது. 2021 நவம்பர் 23 காலை, பாடசாலை மாணவரும் பிறரும் ஏறிய அம்மிதவை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தனர். அவர்களுட் சிறுவரும் அடங்குவர். அனுமதி கொடுத்தவர் யார், பாதுகாப்பு அங்கிகள் எங்கே, அளவுக்கு மிஞ்சி ஏற்றியது ஏன் என்ற கேள்விகள் அதன் பின்னரே எழுந்தன. கைதுகள் நடந்தன, கடற்படையின் படகுச் சேவை வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பதென்பது இதுவே.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். பாலம் கட்டியது பிழையன்று. மிதவையை இழுத்த ஏழைத் தொழிலாளியின் மீது பழியைச் சுமத்திக் கோப்பினை மூடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிழை வரிசையிலே இருக்கின்றது. பழைய வழி முதலில் மூடப்பட்டது. மாற்றுவழி பற்றிய சிந்தனை அதன் பின் வந்தது. பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பின் வந்தது. சம்பூரிலும் இதே வரிசைதான். கரையோரத் தடை எல்லையிலும் இதே வரிசைதான். ஓரிடத்தில் விதவிதமான வலயங்கள், இன்னோரிடத்தில் ஒரு பாலம். காரணங்கள் வேறு, வரிசை ஒன்று. ஆகவேதான் குறிஞ்சாக்கேணியைத் தனியொரு விபத்தென்று ஒதுக்குதல் பொருந்தாது என்கின்றேன்.

துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள முத்துநகரின் நிலையும் இவ்வரிசையையே காட்டுகின்றது. 1970களின் தொடக்கத்திலிருந்து மக்கள் பயிர்செய்த நிலங்கள் 1984இல் வெளியான வர்த்தமானி மூலம் துறைமுக அதிகாரசபையின் எல்லைக்குள் அடங்கின. உழுதவர் உழுதுகொண்டேயிருந்தனர். காகிதம் கொழும்பிலே ஒன்றைச் சொல்ல, கலப்பை இங்கே வேறொன்றைச் சொல்லி நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2025இல் அந்நிலத்திற் பெரும்பகுதி சூரிய மின்திட்டங்களுக்கென ஒதுக்கப்பட்டதும் விவசாயக் குடும்பங்கள் மாவட்டச் செயலகத்தின் முன்னே போராட்டத்தில் அமர்ந்தன. காணியுரிமை பற்றிய வழக்கினை ஒருபுறம் வைப்போம். பிறர் பெயரிலுள்ள நிலம் என்ற காரணத்தால் இவ்விதக் கிராமங்களின் உள்வீதிக்குப் பொதுப்பணம் செலவிட உள்ளூர்ச் சபைகள் தயங்கும். வீதியில்லாத ஊரைப் பார்த்து, இங்கு முறையான குடியிருப்பே இல்லை என்று அதிகாரி அறிக்கை எழுதுவார். வழியை மறுத்து ஊரை இல்லாமலாக்கும் வித்தை இது. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயரில்லை.

துறைமுக வலயத்தின் இயல்பையும் கவனித்தல் வேண்டும். சீனக்குடாவில் 1980களிலிருந்து மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இயங்குகின்றன. அவற்றின் பாரவண்டிகள் ஓடும் வீதியிலேயே மாணவர் துவிச்சக்கரவண்டி ஓட்டுகின்றனர். அருகே ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ளன. 2022 சனவரி உடன்பாட்டின்படி அவற்றுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் பிரிக்கப்பட்டன. துருப்பிடித்து நின்ற தாங்கிகளெல்லாம் நிரம்பும் நாள் வந்தால், அயலூர்களுக்கு ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி எத்தனை? சீனாவின் தியன்சின் துறைமுகத்திலே 2015 ஓகஸ்ற் 12இல் இரசாயனக் களஞ்சியம் வெடித்து 173 பேர் மாண்டனர். அத்தகைய களஞ்சியத்துக்கும் குடியிருப்புக்கும் ஒரு கிலோமீற்றர் இடைவெளி வேண்டுமென்ற விதி இருந்தும், அறுநூறு மீற்றரளவில் மாடிக் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. அங்கே விதி இருந்தது. அனுமதி கொடுத்த கை அதனைப் பார்க்கவில்லை. இங்கே அக்கை பார்ப்பதற்கு விதியே இல்லை.

இதுவரை சொன்னவற்றுக்கு இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு வரும். நாட்டின் அபிவிருத்திக்குச் சிலர் சிரமப்பட்டேயாக வேண்டும் என்பது ஒன்று. மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும், தொழில் வேண்டும், எவர் வேண்டாமென்றார்? சூரிய மின்னிலையத்தை நான் எதிர்க்கவில்லை. நிலக்கரியுடன் ஒப்பிடின் அது ஆயிரம் மடங்கு விரும்பத்தக்கது. ஆனால் சிரமப்படும் ‘சிலர்’ எப்போதும் சம்பூரிலும் முத்துநகரிலும் குறிஞ்சாக்கேணியிலுமே பிறந்திருக்கின்றனர், கறுவாத்தோட்டத்திலே பிறப்பதில்லை என்பதற்கு இவ்வாதத்தினர் விளக்கம் தரவேண்டும்.

மற்றைய எதிர்ப்பு நம்மவரிடமிருந்தே வரும். நிலம் பறிபோகும்போது வீதியையும் மதகையும் பேசுவது அற்பத்தனம் என்பர். மேடைகளில் மண்ணைத் தாயென்று பாடும் நமது அரசியலாளர் பிரதேச சபைக் கூட்டத்திலே ஓர் ஒழுங்கைக்குக் குரல் கொடுக்கத் தயங்குவதன் காரணமும் இம்மனப்பான்மையே. நமது சங்கங்களின் கருத்தரங்குகளும் இதற்கு விலக்கல்ல. தாயகக் கோட்பாடு பற்றி மூன்று மணிநேரம் வாதிப்போம். 1984 வர்த்தமானியை வாசித்தவரைக் கேட்டால் மண்டபம் மௌனமாகும். ஆனால் நிலவுரிமை நாள்தோறும் மெய்யாவது வழியினாலேதான். நடக்கமுடியாத வயல் எவருக்குச் சொந்தமாயிருந்தென்ன? உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் கொட்டிலில் இருந்த சம்பூர் மக்களிடம் இதனைக் கேட்டறியலாம்.

வேண்டுவது சிறியது. குடிநிலத்தையோ வயலையோ வேறு வலயமாக்கும் எந்தப் பிரகடனமும் வழிகளின் அட்டவணை ஒன்று இணைக்கப்பட்டாலன்றிச் செல்லுபடியாகக் கூடாது. இன்று பயன்படும் வீதி, ஒழுங்கை, வண்டிப்பாதை, தோணித்துறை, மிதவைக் கடவை யாவும் கிராம உத்தியோகத்தரும் ஊர்ச் சங்கங்களும் நடந்து பார்த்துக் குறித்தவையாக அதில் இருத்தல் வேண்டும். மூடப்படும் ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி எது, அது எந்நாளில் திறக்கப்படும், மழைக்காலத்திலும் பயன்படுமா, நோயாளர் வண்டி போகுமா என்பன எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மாற்றுவழி திறந்த பின்னரே பழைய வழி மூடப்படல் வேண்டும். அவ்வட்டவணை தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவரிலே, ஊரார் வாசிக்கும் உயரத்தில் ஒட்டப்படல் வேண்டும். புவியியல் கற்கும் நம் நண்பர்கள் விடுமுறையிலே தத்தம் ஊர் வழிகளை அளந்து இவ்வட்டவணையை இப்போதே தொடங்கலாம். அதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை.

இத்தகைய நிபந்தனைகள் முதலீட்டைத் தாமதப்படுத்தும் என்று அதிகாரிகள் கூறுவர். சம்பூர் நிலக்கரித் திட்டம் 2006 டிசெம்பர் முதல் 2016 செப்டெம்பர் வரை ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் தாமதப்பட்டு, ஓர் அலகு மின்சாரமும் உற்பத்தி செய்யாமலே முடிந்துபோனது. அத்தாமதத்துக்கு ஒரு கிராமத்து ஒழுங்கையும் காரணமாயிருக்கவில்லை.